தங்கவயலும் வானநூலும்

வானத்தை ஆராய விரும்புவோர் மலையுச்சியை நாடிச் செல்வது உலக வழக்கம். ஊர் விளக்குகளின் ஒளியும் புழுதியும் எட்டாத உயரத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, இரவெல்லாம் விழித்திருந்து விண்மீன்களைக் காண்பர். கொடைக்கானல் மலையில் உள்ள வானாராய்ச்சி நிலையமும், நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த வட ஆர்க்காட்டுச் சீமையில் சவ்வாது மலைமேல் காவலூரில் வைணு பாப்பு அவர்களின் முயற்சியால் எழுந்த நிலையமும் இவ்வாறு அமைந்தவையே. ஆனால் வானத்தை அறிவதற்காக மலையேறாமல் பாதாளத்தில் இறங்கிய அறிஞர்களும் உளர். அவர்கள் இறங்கிய பாதாளம் வேறெதுவும் அன்று, நம் தங்கவயலே.

தங்கவயலின் வரலாற்றை எழுதப் புகுவோர் எத்தனை டன் தங்கம் கிடைத்தது என்ற கணக்கோடு தொடங்கி, சுரங்கங்கள் மூடப்பட்ட துயரத்தோடு முடிப்பர். இரண்டும் உண்மையே. எனினும் அவ்விரண்டிற்கும் இடையே எழுதாமல் விடப்படும் ஓர் அதிகாரம் உண்டு. பேரண்டத்தில் விண்மீன் மண்டலங்கள் எவ்வாறு உருவாயின என்ற பெருங்கேள்விக்கு விடை தேடிய பாதையில், நம் காலடிக்குக் கீழே இருந்த பாறையும் ஒரு படியாக நின்றது. அந்த அதிகாரத்தை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை இவ்வாண்டு மலரில் வெளியிடுகின்றோம்.

சுரங்கமும் நம்மவரும்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் திரள்திரளாக வந்து சேர்ந்தனர். நிலமற்றவர்களும், சாதிக் கொடுமையால் ஊரில் தலைநிமிர இயலாதவர்களும் அவருள் மிகப் பலர். 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் இங்கே வந்தது. சங்கு ஊதினால் ஷிப்டு மாறும், கேஜ் இறங்கும், ஏறும். ஆண்டுக்கு ஆண்டு தங்கப் பாறையைத் தொடர்ந்து சென்றதால் சுரங்கமும் ஆழ்ந்துகொண்டே சென்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரையும் கடந்து உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். மிக அடியில் அதன் வெப்பம் 60 டிகிரி செல்சியசையும் தாண்டும். மேலேயுள்ள மலையனைய பாரம் அழுத்துவதால், ஓரிடத்தில் வெட்டிய பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதும் உண்டு. அத்தகைய வெடிப்புகளில் மாண்டவர்களும், பாறைத் தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இறந்தவர்களும் இல்லாத லைன் தங்கவயலில் இல்லை எனலாம். பின்னாளில் அறிஞர்கள் பயன்கொண்ட அந்த ஆழம், தானே அமைந்த குகை அன்று. நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் உயிரைப் பணயம் வைத்து அடியடியாக வெட்டி அமைத்தது என்பதை முதற்கண் நினைவில் நிறுத்துதல் வேண்டும்.

ஸ்ரீகண்டன் வருகை

விண்வெளியிலிருந்து அணுத்துகள்கள் இடைவிடாமல் பூமியின்மீது விழுந்தவண்ணம் உள்ளன. 1912-ஆம் ஆண்டில் விக்டர் ஹெஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் பலூனில் ஏறிச் சென்று இதனைக் கண்டறிந்தார். காஸ்மிக் கதிர்கள் என்று பெயர் பெற்ற இவை காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதிச் சிதறுகின்றன. அச்சிதறலில் மியூவான், நியூட்ரினோ என்னும் இருவகைத் துகள்கள் பிறக்கின்றன. நாம் கையை விரித்து நீட்டினால், உள்ளங்கை அளவுள்ள இடத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ நூறு மியூவான்கள் பாய்ந்து செல்லும். நமக்கு ஓர் உணர்வும் தோன்றாது.

மியூவான் கூரையைத் துளைக்கும், பாறையையும் துளைக்கும். ஆயினும் ஆழம் செல்லச் செல்ல அதன் ஆற்றல் தேய்ந்துவிடும். எவ்வளவு ஆழத்தில் எத்தனை மியூவான்கள் எஞ்சுகின்றன என்று எண்ணினால், மேலிருந்து வந்த கதிர்களின் ஆற்றலைக் கணக்கிடலாம். இவ்வாராய்ச்சிக்கு ஆழமான குழி ஒன்று வேண்டும். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை 1945-ஆம் ஆண்டில் தோற்றுவித்த டாக்டர் ஹோமி பாபா அவர்களின் பார்வை கோலார் தங்கவயலின்மீது விழுந்ததில் வியப்பில்லை.

1951-ஆம் ஆண்டில் அவர் இப்பணிக்கு அனுப்பிய இளைஞர் பி. வி. ஸ்ரீகண்டன். இவர் 1925-ஆம் ஆண்டில் மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தவர். அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள நஞ்சுண்டேசுவரருக்கு ஸ்ரீகண்டேசுவரர் என்றும் பெயருண்டு. பெங்களூரில் கல்வி பயின்று, 1948-ஆம் ஆண்டில் டாடா நிலையத்தில் சேர்ந்தார். துகள்களை எண்ணும் கருவிகளோடு சுரங்கத்தில் இறங்கிய போது அவருக்கு வயது இருபத்தாறு. எஸ். நாரணன், பி. வி. ரமணமூர்த்தி முதலியோர் அவருடன் இப்பணியில் ஈடுபட்டனர். அந்த ஆராய்ச்சியே ஸ்ரீகண்டனுக்கு டாக்டர் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. பிற்காலத்தில் வானாராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற ஒருவரின் தொழில் வாழ்க்கை நம் தங்கவயலின் கேஜில்தான் தொடங்கியது.

ஒன்றும் இல்லாமையின் பயன்

அடுத்த பத்தாண்டுகளில் ஆராய்ச்சி மேலும் ஆழத்திற்கு இறங்கியது. 1960-களின் தொடக்கத்தில் எஸ். மியாகே என்னும் ஜப்பானிய அறிஞரும், வி. எஸ். நரசிம்மன், ரமணமூர்த்தி ஆகியோரும் ஒவ்வோர் ஆழமாகக் கருவிகளை வைத்து எண்ணி வந்தனர். எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாத காலம் காத்திருந்தும் ஒரு மியூவானும் பதிவாகவில்லை.

இரண்டு மாத உழைப்பிற்குப் பூச்சியமே விடை என்றால் சோர்வு தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பூச்சியத்திற்குள் ஒரு புதையல் இருப்பதை அவ்வறிஞர்கள் உணர்ந்தனர். சந்தையின் இரைச்சலில் மெல்லிய குரல் கேளாது. நள்ளிரவின் அமைதியில் கேட்கும். மியூவான்களின் இரைச்சல் அடங்கிய அந்த ஆழத்தில், இதுவரை எவருக்கும் கேளாத வேறொரு துகளின் குரலைக் கேட்கலாம் அன்றோ? அத்துகளே நியூட்ரினோ.

நியூட்ரினோ என ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டில் பௌலி என்னும் அறிஞர் கணக்கின் வழியே ஊகித்தார். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ரைன்ஸ், கோவன் இருவரும் அணு உலைக்கு அருகே அதனைக் கண்டுபிடித்தனர். அதற்கு மின்னூட்டம் இல்லை. எப்பொருளோடும் எளிதில் உறவாடாது. கதிரவனிலிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள் நம் விரல் நகத்தளவு இடத்தில் நொடிக்கு 6,000 கோடிக்கும் மேலாகப் பாய்ந்து செல்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பூமியின் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறிவிடும். மனிதனால் செய்யப்படாத, இயற்கையாகவே காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை அதுவரை எவரும் கண்டதில்லை.

எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், ரமணமூர்த்தி, நரசிம்மன், ஆச்சார் முதலிய இந்திய அறிஞர்களோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கைகோத்தனர். டர்ஹாம் குழுவின் தலைவர் ஆர்னால்டு வுல்ஃபெண்டேல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாப்டில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் நிறுத்தப்பெற்றன. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் இருபுறமும் சுவர் போல் நின்றன; அவற்றிற்கிடையே துகள் சென்ற வழியைக் காட்டும் நியான் குழாய்கள் அடுக்கப்பட்டிருந்தன.

கருவியை இவ்வாறு சுவராக நிறுத்தியதில் ஒரு நுட்பம் உண்டு. வானத்திலிருந்து வரும் மியூவான் அவ்வளவு ஆழத்தை அடைய வேண்டுமானால் ஏறக்குறைய நேர்கீழாக வந்தால்தான் இயலும். சாய்ந்து வந்தால் கடக்க வேண்டிய பாறையின் தொலைவு பன்மடங்காகி, வழியிலேயே ஒழியும். ஆகவே கிடைமட்டமாக ஒரு மியூவான் சுவரைக் கடந்து சென்றால், அது வானத்திலிருந்து வந்தது ஆகாது. அருகிலிருந்த பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதால் அங்கேயே பிறந்தது என்பது தெளிவு.

1965-ஆம் ஆண்டு ஏப்ரலில் அத்தகைய தடம் ஒன்று தங்கவயலில் பதிவாயிற்று. ஜொகானஸ்பர்க்கிற்கு அருகிலுள்ள மற்றொரு தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் அவர்களின் குழுவும் இதே வேட்டையில் ஈடுபட்டிருந்தது. அங்கே அதே ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாளிலேயே முதல் தடம் பதிவாகியிருந்தது. எனினும் தங்கவயல் குழுவின் கட்டுரை ஆகஸ்டு 15-ஆம் நாளிட்ட இதழில் வெளிவந்தது. ரைன்ஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்டு 30-ஆம் நாளிட்ட இதழில் வெளிவந்தது. தடத்தை முதலில் கண்டது தென்னாப்பிரிக்கா. உலகிற்கு முதலில் அறிவித்தது தங்கவயல். பெருமையை இவ்வாறு உள்ளபடி பங்கிட்டுச் சொல்வதே நேர்மை. உலகின் இரு மூலைகளில், ஏழைத் தொழிலாளர் தங்கத்திற்காக வெட்டிய இரு பள்ளங்களே இவ்வறிவின் பிறப்பிடம் என்பதும் நாம் மறக்கத் தகாதது.

விண்மீன் மண்டலம் எவ்வாறு தோன்றிற்று?

பாறைக்குள் கண்ட இத்துகளுக்கும் வானத்து மண்டலங்களுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அதனைச் சிறிது விளக்குவோம்.

நம் கதிரவனைப் போன்ற பல்லாயிரங் கோடி விண்மீன்கள் சேர்ந்த கூட்டம் ஒரு விண்மீன் மண்டலம். பால்வீதி அத்தகையது. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரண்டம் விரியத் தொடங்கிய காலத்தில் மண்டலமும் இல்லை, விண்மீனும் இல்லை. பொருள் எங்கும் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிக் கிடந்தது. இலட்சத்தில் ஒரு பங்கு அளவிலேயே ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை 1992-ஆம் ஆண்டில் கோபி என்னும் விண்கோள் காட்டியது. சிறிது மிகுதியாக இருந்த இடம் தன் ஈர்ப்பினால் சுற்றியிருந்த பொருளைத் தன்பால் இழுத்தது. இழுக்க இழுக்க அதன் ஈர்ப்பு மேலும் மிகுந்தது. மழைநீர் பள்ளத்தை நாடுவதுபோல வாயு அங்கே சென்று திரண்டு, குளிர்ந்து, விண்மீன்களாயிற்று.

இவ்விளக்கத்தில் ஓர் இடர் உண்டு. தொடக்க காலத்தில் ஒளியின் அழுத்தம் சாதாரணப் பொருளைத் திரளவொட்டாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அத்தடை நீங்கிய பின்னர் எஞ்சிய காலம், இன்று காணும் மண்டலங்கள் உருவாவதற்குப் போதாது. அன்றியும், 1933-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் சுவிக்கி என்பவர் மண்டலக் கூட்டமொன்றை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அக்கூட்டத்தைக் கட்டி நிறுத்தப் போதாது என்றார். 1970-ஆம் ஆண்டில் வேரா ரூபின் அம்மையாரும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலம் சுழலும் வேகத்தை அளந்து வெளியிட்டனர். அதன் வெளிப்புற விண்மீன்களும் வேகம் குறையாமல் சுழன்றன. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் ஒன்று மண்டலங்களைச் சூழ்ந்திருத்தல் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஒளிக்கு அடங்காத அக்கரும்பொருள் முன்கூட்டியே பள்ளங்களை அமைத்து வைத்திருந்தால், தடை நீங்கியவுடன் வாயு அவற்றுள் விரைந்து விழும். காலக்குறை தீர்ந்துவிடும்.

அக்கரும்பொருள் யாது? இருப்பது உறுதியாகத் தெரிந்த, ஆனால் கண்ணுக்குத் தெரியாத துகள் அன்று ஒன்றுதான் இருந்தது. அதுவே நியூட்ரினோ. பேரண்டத்தின் தொடக்கத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் இன்றும் ஒவ்வொரு கன சென்டிமீட்டர் இடத்திலும் ஏறத்தாழ 336 உள்ளன என்பது கணக்கு. ஒவ்வொன்றிற்கும் அணுவளவினும் நுண்ணிய எடை இருந்தாலும், கூட்டினால் அது பேரெடையாகும். டாடா நிலையத்தில் பயின்ற ராமநாத் கௌசிக், அமெரிக்காவில் மெக்கிலெலண்டு என்பவரோடு சேர்ந்து 1972-ஆம் ஆண்டில் பேரண்டத்தின் கணக்கைக்கொண்டே நியூட்ரினோவின் எடைக்கு ஒரு மேல்வரம்பு கட்டினார். அடுத்த ஆண்டிலேயே, எடையுள்ள நியூட்ரினோக்களின் ஈர்ப்பு மண்டலக் கூட்டங்களைக் கட்டி வைத்திருக்கலாம் என்ற கருத்தையும் இருவரும் வெளியிட்டனர். தங்கவயலின் பாறையில் தடம் பதித்த துகளினம், பத்தாண்டுகளுக்குள் விண்மீன் மண்டலங்களைப் பற்றிய ஆராய்ச்சியின் நடுவிடத்தைப் பெற்றது.

தள்ளப்பட்ட விடை

அவ்விடை அழகானது, ஆனால் முழு உண்மையாகவில்லை. நியூட்ரினோ மிக இலேசானது. ஆகவே மிக வேகமாக ஓடுவது. பாய்ந்தோடும் வெள்ளம் சிறு குழியில் தங்குவதில்லை. அதுபோல நியூட்ரினோக்களும் சிறு பள்ளங்களை அமைக்க மாட்டா. அமைந்த பள்ளங்களையும் அழித்துவிடும். முதலில் மிகப் பெரிய கூட்டங்கள் தோன்றி, பின்னரே அவை உடைந்து தனி மண்டலங்கள் பிறந்திருத்தல் வேண்டும். வானத்தில் காண்பதோ இதற்கு மாறானது. மண்டலங்கள் மூத்தவை, பெருங்கூட்டங்கள் இளையவை. 1983-ஆம் ஆண்டில் ஒயிட், ஃபிரெங்க், டேவிஸ் என்னும் மூவர் கணிப்பொறியில் நியூட்ரினோப் பேரண்டம் ஒன்றை உருவாக்கிப் பார்த்தனர். அது மெய்யான வானத்தோடு பொருந்தவில்லை. மெதுவாக நகரும் வேறொரு துகளே கரும்பொருளின் பெரும்பகுதியாதல் வேண்டும் என்ற கொள்கையை 1984-ஆம் ஆண்டில் புளூமெந்தால், ஃபேபர், பிரிமாக், மார்ட்டின் ரீஸ் ஆகிய நால்வர் விரித்துரைத்தனர். இன்று அறிஞர் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுள்ள கொள்கை அதுவே.

தங்கவயலிலும் இவ்வாறு ஓர் ஏமாற்றம் நேர்ந்தது. அணுக்கருவில் உள்ள புரோட்டானும் என்றேனும் ஒருநாள் சிதையும் என்ற புதுக்கொள்கையைச் சோதிக்க, ஒசாகா அறிஞர்களின் துணையோடு 140 டன் எடையுள்ள கருவி 1980-ஆம் ஆண்டில் இங்கே இயங்கத் தொடங்கியது. இரும்புத் தகடுகளும் எண்ணும் குழாய்களும் ஒவ்வொன்றாக ஷாப்டின் வழியே இறக்கப்பட்டு, அடியில் பொருத்தப்பெற்றன. பின்னர் 260 டன் கருவி ஒன்றும் நிறுவப்பட்டது. சில தடங்கள் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று குழுவினர் அறிவித்தனர். உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் வெளிநாடுகளில் இன்னும் பெரிய கருவிகள் அதனை உறுதிசெய்யவில்லை.

தவறிய விடைகளையும் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அறிவியல் என்பது வெற்றிகளின் பட்டியல் அன்று. இங்கே தங்கம் இல்லை என்று அறிந்த பின்னரே அடுத்த இடத்தில் வெட்டுகிறோம். அவ்வெட்டு வீண் என்று சுரங்கத் தொழிலாளி எவரும் சொல்லார். நியூட்ரினோ கரும்பொருள் அன்று என்று தெளிந்ததால்தான் ஆராய்ச்சி சரியான திசையில் திரும்பியது. நியூட்ரினோவும் கதையிலிருந்து மறைந்துவிடவில்லை. புரோட்டான் சிதைவைத் தேடுவதற்காகவே ஜப்பானில் தொடங்கிய ஆராய்ச்சியின் வழியில் எழுந்தது சூப்பர் காமியோகாண்டே. அது 1998-ஆம் ஆண்டில் நியூட்ரினோவிற்கு எடை உண்டு என்று காட்டியது. அதற்குச் சான்றாக நின்றவை, 1965-ஆம் ஆண்டில் தங்கவயலில் கண்டவை போன்ற, காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களே. அக்கண்டுபிடிப்பிற்கு 2015-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வெடை மண்டலங்களைப் படைக்கப் போதாது. எனினும் மண்டலங்கள் பரவியிருக்கும் கோலத்தைச் சிறிதளவு மழுங்கச் செய்யப் போதும். ஆகவே இன்றும் வானநூலார் மண்டலங்களின் கோலத்தை அளந்து நியூட்ரினோவின் எடைக்கு வரம்பு காண்கின்றனர்.

இறங்கியவர்களின் பின்வாழ்வு

தங்கவயலில் இறங்கிய அறிஞர்கள் பின்னர் வானத்திற்கே ஏறினர். ஸ்ரீகண்டன் அமெரிக்காவில் புருனோ ராசி அவர்களின் குழுவோடு பணியாற்றி, எக்ஸ்-கதிர் வானநூலில் ஈடுபட்டார். விருச்சிக மண்டலத்தில் உள்ள எக்ஸ்-கதிர் மூலத்தின் இடத்தை நுட்பமாக அளந்து 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட குழுவில் அவர் பெயரும் உண்டு. நாடு திரும்பிய பின் ஐதராபாத்திலிருந்து பலூன்களில் கருவிகளை அனுப்பி அவ்வாராய்ச்சியை இந்தியாவில் வேரூன்றச் செய்தார். 1975 முதல் 1987 வரை டாடா நிலையத்தின் இயக்குநராக விளங்கினார். 2019-ஆம் ஆண்டில், தொண்ணூற்று நான்காம் வயதில் பெங்களூரில் மறைந்தார்.

டர்ஹாமிலிருந்து வந்த வுல்ஃபெண்டேல் 1991-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானநூலறிஞர் என்னும் உயர்பதவியை அடைந்தார். 1995-ஆம் ஆண்டில் அப்பதவியில் அவருக்குப் பின் அமர்ந்தவர், கரும்பொருள் கொள்கையை விரித்த நால்வருள் ஒருவராகிய மார்ட்டின் ரீஸ். அந்த ரீஸ் அவர்களிடம் கேம்பிரிட்ஜில் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர், கோயம்புத்தூரில் பிறந்து தில்லியில் வளர்ந்த பிரியம்வதா நடராசன் அம்மையார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் இவர், தொலைவிலிருந்து வரும் ஒளி வழியில் வளைவதைக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கு வரைபடம் தீட்டுகிறார். தொடக்க கால மண்டலங்களின் நடுவில் இருந்த கருந்துளைகள், விண்மீன் இறந்து தோன்றியவை மட்டும் அல்ல; பெரும் வாயுத் திரள் நேராகவே சரிந்தும் தோன்றியிருக்கலாம் என்று சக அறிஞர்களோடு கணித்தார். 2023-ஆம் ஆண்டில் வெப் தொலைநோக்கியும், நம் சந்திரசேகர் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியும் சேர்ந்து, பேரண்டம் தோன்றி 47 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்து மண்டலமொன்றில் அக்கணிப்போடு ஒத்த கருந்துளையைக் கண்டன. ஊர் பெயர்ந்த குடும்பத்துப் பெண்ணும் பேரண்டத்தின் இளமையை அளக்கலாம் என்பதற்கு இவ்வம்மையார் நம் பெண்மக்களுக்குக் கண்கண்ட சான்று.

நம் கடமை

தங்கவயலின் ஆய்வுக்கூடங்கள் 1990-களின் தொடக்கத்தில் ஓய்ந்தன. 2001-ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நீர் இறைக்கும் பம்புகள் நின்றபின் ஷாப்டுகளில் நீர் ஏறியது. ஆழ்ந்த சுரங்கத்தில் அத்தகைய ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பை நாடும் இழந்தது. 2017-ஆம் ஆண்டில் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், கரும்பொருளைத் தேடுவதற்காக ஓர் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அதன் ஆழம் 555 மீட்டர். தங்கவயல் ஆய்வுக்கூடத்தின் ஆழத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இழந்ததன் அருமை இவ்வொப்பீட்டில் விளங்கும்.

இன்று நம் இளைஞர் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். ஊர் எது என்று கேட்போரிடம் தங்கவயல் என்று சொல்ல அவர்கள் கூசவேண்டியதில்லை. கைவிடப்பட்ட ஊர் என்பது அதற்குரிய ஒரே பெயர் அன்று. விண்வெளியின் தூதாகிய நியூட்ரினோ, பாறையின் அடியில் தடம் பதித்ததாக உலகிற்கு முதன்முதல் அறிவிக்கப்பட்ட ஊர் என்பதும் அதன் பெயரே.

ஆயினும் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது. 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் பதினோர் அறிஞர்களின் பெயர்கள் உள்ளன. அவர்கள் நின்ற தளத்தை வெட்டியவர், கூரைக்கு முட்டுக் கொடுத்தவர், கேஜை இயக்கியவர், நீரை இறைத்தவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இல்லை. அறிஞர்களைக் குறை சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையின் மரபு அத்தகையது. அப்பெயர்களை எழுதிவைக்கும் கடமை நம்முடையது. அவ்வாய்வுக்கூடங்களில் பணிபுரிந்த பெரியவர்களுள் சிலரேனும் நம் லைன்களில் இன்றும் இருக்கக்கூடும். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அருகே அமர்ந்து, எந்த ஆண்டில், எந்த லெவலில், என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதிச் சங்கத்திடம் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். பிழைகள் இருப்பினும் தாழ்வில்லை. அடுத்த ஆண்டு மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம்.

பாறையில் பதிந்த ஒரு தடத்தைக் காண அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். நம் பெரியவர்கள் வாழ்வில் பதித்த தடங்களைக் காண நமக்கு அத்தனை ஆண்டு அவகாசம் இல்லை. இந்த மலரை மூடிவைத்தவுடனே அப்பணியைத் தொடங்குவோமாக.